62 கிலோதான் இருக்கான், பின்ன எப்படி சுகர்?

அமெரிக்காவுல 20 வயசுல இருக்க ஒரு ஆளுக்கு ஆயுசு முடியறதுக்குள்ள சுகர் வர வாய்ப்பு எவ்வளவுன்னு அங்கத்த ஆராய்ச்சிக்காரங்க கணக்கு போட்டு 2014ல வெளியிட்டாங்க, சுமார் 40 சதவீதம்னு வந்துச்சு. அதே மாதிரி ஒரு கணக்கை நம்ம நாட்டு மாநகரங்கள்ல இருக்கவங்களுக்குப் போட்டு 2020ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல 20 வயசு ஆம்பளைக்கு 55.5 சதவீதம், 20 வயசுப் பொண்ணுக்கு 64.6 சதவீதம். அதாவது மெட்ரோ சிட்டியில காலேஜ் படிக்கிற பிள்ளைகள்ல பாதிக்கு மேல ஆளுக்கு எப்பவாச்சும் ஒரு நாள் சுகர் மாத்திரை உண்டுங்கான் அந்தக் கணக்கு போட்டவன்.

இதுல விசித்திரம் என்னன்னா உடம்பு பெருத்தவங்க கணக்கை எடுத்தா அமெரிக்காதான் எங்கயோ நிக்கு. அங்க 20லருந்து 44 வயசுக்குள்ள இருக்கவங்கள்ல 40.9 சதவீதம் பேர் ஒபீஸ்னு 2017–2020 சர்வே சொல்லுது, அதுக்கு ஒரு எட்டு பத்து வருசம் முன்னாடி 32.7ஆ இருந்துச்சு. ஆனா அதே வயசுக்காரங்கள்ல சுகர் இருக்கவங்க 4.1 சதவீதம்தான். நம்ம திருநெல்வேலி ஜங்ஷன்ல சாயங்காலம் காலேஜ் விடுத நேரத்துல நின்னு பாத்தா அந்த அளவுக்குப் பெருத்த பையன் எத்தனை பேர் கண்ணுல படுவான்? ரொம்பக் கொஞ்சம். இருந்தும் நான் வேலை பாக்குற பாளையங்கோட்டை லேப்புக்கு வாரவங்கள்ல, சட்டை தொளதொளன்னு கிடக்க, தாடி கூட ஒழுங்கா முளைக்காத பிள்ளைக்கு, 100க்குள்ள இருக்க வேண்டிய வெறும் வயித்து சுகர் 118, 125ன்னு வந்து நிக்கு. ரிப்போர்ட்டைப் பாத்துட்டு "அண்ணாச்சி, ஆள் மாறிப் போச்சா? நான் 62 கிலோதான இருக்கேன்"ன்னு கேக்கான். ஆள் மாறலடே தம்பி, உன்னுதுதான்.

அதனால எனக்கு நாடு நாடா வரிசை போட்டுக் காட்டுத சார்ட்டைப் பாத்தாலே ஒரு சந்தேகம் வரும். எந்த நாட்டுல குண்டு கூடன்னு பாத்து எந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு ஆபத்து கூடன்னு முடிவு பண்ணுதது சரிப்படாது. யாரை, எந்த வயசுல, எதை வச்சு அளந்தாங்கன்னு கேட்டாத்தான் அந்தச் சார்ட்டுக்கே அர்த்தம் வரும். அந்தக் கேள்வியை வச்சுக்கிட்டு ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்.

மெட்டபாலிக் சிண்ட்ரோம்னு டாக்டருங்க சொல்லுதாங்கள்லா, அது தனி வியாதி கிடையாது, ஒரு கூட்டணி. 1988ல ஜெரால்ட் ரீவன்னு ஒரு அமெரிக்க டாக்டர் ஒரு சொற்பொழிவுல இதைச் சேத்து வச்சுப் பேசினார், சிண்ட்ரோம் எக்ஸ்னு பேர் வச்சார். இன்சுலின் உடம்புல இருந்தும் வேலை செய்யாம மக்கர் பண்ணுதது, கூடவே பிரஷர், ரத்தக் கொழுப்பு எல்லாம் ஒண்ணுக்கொண்ணு கைகோத்து வருதுன்னார். இப்ப உலகம் பூரா ஒத்துக்கிட்ட கணக்கு அஞ்சு விசயம்: இடுப்புச் சுத்தளவு, ரத்தத்துல ஓடுத ஒரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 150க்கு மேல, நல்ல கொழுப்புன்னு சொல்லுத ஹெச்டிஎல் ஆம்பளைக்கு 40க்குக் கீழ பொம்பளைக்கு 50க்குக் கீழ, பிரஷர் 130/85க்கு மேல, வெறும் வயித்து சுகர் 100க்கு மேல. இதுல மூணு இருந்தா நீங்க உள்ள. அமெரிக்காவுல 20லருந்து 39 வயசுக்காரங்கள்ல இப்படி உள்ள வந்தவங்க 2011–12ல 16.2 சதவீதம், 2015–16ல 21.3. நாலே வருசத்துல இவ்வளவு ஏறினது இளவட்டத்துலதான், பெரியவங்கள்ல கூட இப்படி ஏறல.

இந்த அஞ்சுல நாலு எல்லா நாட்டுக்கும் ஒரே அளவு, இடுப்பு மட்டும்தான் நாட்டுக்கு நாடு வேற. அமெரிக்க ஆம்பளைக்கு 102 செ.மீ வரைக்கும் விட்டுருந்தாங்க, ஐரோப்பாக்காரனுக்கு 94, நம்ம தெற்காசிய ஆம்பளைக்கு 90, ஜப்பான்காரனுக்கு 85. பொம்பளைங்களுக்கு அமெரிக்காவுல 88, நமக்கு 80, ஜப்பான்ல என்னமோ ஆம்பளையை விடக் கூட, 90. அதை வச்சு அங்கயே டாக்டருங்களுக்குள்ள சண்டை நடந்துருக்கு. 95 செ.மீ இடுப்பு இருக்க ஒரு நெல்லைக்காரன் ஹூஸ்டன்ல போய் இறங்கினா அந்த ஊர் பழைய டேப்புக்கு நல்ல உடம்பு, பாளையங்கோட்டையில நின்னா தொப்பை. ஆள் ஒருத்தன்தான். இதுல இன்னொரு கூத்து, நிறைய பேரு "என் பேண்ட் சைஸு 34 தான் அண்ணாச்சி"ன்னு சொல்லுவாங்க, பேண்டை தொப்பைக்குக் கீழ கட்டுனா 34 தான் வரும். டேப்பைத் தொப்புள் மட்டத்துல வச்சுப் பாக்கணும். சாரம், அதான் கைலி, கட்டுதவங்களுக்கு அந்த சைஸும் கிடையாது, எத்தனை இஞ்சு ஏறினாலும் சாரம் பொறுத்துக்கிடும்.

சரி, ஏன் நமக்கு மட்டும் டேப்பைச் சுருக்குதாங்க? இதுக்கு 2004ல லான்செட் பத்திரிகையில ஒரு பக்கத்துல வந்த போட்டோ பிரசித்தம். புனேயில கேஇஎம் ஆஸ்பத்திரி டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டன் டாக்டர் ஜான் யுட்கின், ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல நிக்காங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை சரியான்னு பாக்குத கணக்கு, ஒரே 22.3. மிஷின்ல கொழுப்பை அளந்தா யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. தராசுக்கு ரெண்டு பேரும் ஒண்ணு, உள்ள போய்ப் பாத்தா ரெண்டு மடங்குக்கும் மேல வித்தியாசம்.

கொழுப்பு கூட இருக்கதை விட அது எங்க இருக்குங்கதுதான் முக்கியம். தோலுக்கு அடியில, தொடையில, பின்னாடி சேருத கொழுப்பு அவ்வளவா தொந்தரவு பண்ணாது, அது சேமிப்பு. நம்ம குளங்களை நினைச்சுக்கோங்க, தண்ணி வர வர குளம் வாங்கும், நிறைஞ்சா மறுகால் பாயும். தோலடிக் கொழுப்புதான் குளம். வெள்ளைக்காரனுக்குக் குளம் பெருசு, 90 கிலோ வரைக்கும் கூட வாங்கிக்கிடும். நம்ம ஆட்களுக்குக் குளம் சின்னதுன்னு சொல்லுதாங்க, 65 கிலோவுலயே மறுகால் பாய்ஞ்சு ஈரல், கணையம், குடலைச் சுத்தின இடம்னு போயிருது. ஈரல்ல கொழுப்பு ஏறினா அது ராத்திரி பூரா தேவையில்லாம சர்க்கரையை ரத்தத்துல விடும், ட்ரைகிளிசரைடையும் ஏத்தும். ஸ்கேன்ல "ஃபேட்டி லிவர் கிரேடு ஒண்ணு"ன்னு வந்தா எல்லாருக்கும் இருக்கதுதானன்னு சிரிச்சுட்டுப் போறாங்க. எல்லாருக்கும் இருக்கதுதான் பிரச்சினையே.

இதோட இன்னொரு இடி, நம்ம ஆட்களுக்கு இன்சுலின் சுரக்குத கையிருப்பும் கம்மியா இருக்குன்னு சென்னை ஆய்வுகள் காட்டுது. அமெரிக்கக் குண்டன் உடம்பு இன்சுலினை அள்ளி அள்ளி ஊத்தி வருசக்கணக்கா சமாளிக்கும், நம்ம உடம்பு சீக்கிரமே கையை விரிச்சுரும்.

இதெல்லாம் எப்ப ஆரம்பிக்குதுன்னு பாத்தா வயித்துலயே. புனே பக்கத்துக் கிராமங்கள்ல பிறந்த பிள்ளைகளையும் இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன்ல பிறந்த பிள்ளைகளையும் யாக்னிக் குழு ஒப்பிட்டுப் பாத்தாங்க, நம்ம பிள்ளை சராசரி 2.7 கிலோ, அவங்க பிள்ளை 3.5 கிலோ. எடை இவ்வளவு கொறைஞ்சிருக்க, சதை கொறைஞ்சு போச்சு, முதுகுத் தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவா கொறையல. பிறக்கும்போதே ஒல்லிக் குண்டு. நெதர்லாந்துல 1944–45 குளிர்காலத்துல ஜெர்மன்காரன் சாப்பாட்டை மறிச்சப்ப வயித்துல இருந்த பிள்ளைகளை 50 வயசுல கூப்பிட்டு டெஸ்ட் பண்ணினா, குளுக்கோஸைக் கையாளுத சக்தி கொறஞ்சிருந்துச்சு. உடனே சிலபேர் வாட்ஸாப்புல "தாது வருசப் பஞ்சத்தால நம்ம ஜீனே மாறிப் போச்சு"ன்னு எழுதுதாங்க. 1876–78 பஞ்சம் கொடூரம்தான், திருநெல்வேலிச் சீமையும் அடி வாங்கினதுதான், ஆனா அதுலருந்து இன்னைக்கு சுகருக்குக் கோடு போடுத அளவுக்கு ஒருத்தரும் நிரூபிக்கல. கேக்க நல்லாருக்கும், அவ்வளவுதான்.

ஜீன் மேல பழியைப் போட்டுட்டு உக்காந்துர முடியாதுங்கதுக்கு பீமா பழங்குடிக் கதை இருக்கு. அமெரிக்காவுல அரிசோனாவுலயும் மெக்ஸிகோ மலைப்பக்கத்துலயும் ஒரே வம்சத்து ஆட்கள் இருக்காங்க. அரிசோனா பக்கம் 38 சதவீதம் பேருக்கு சுகர், மெக்ஸிகோ பக்கம் 6.9ன்னு 2006ல வந்த ஒப்பீடு. ரத்தம் ஒண்ணு, மெக்ஸிகோ பக்கம் நிலத்துல பாடுபட்டுச் சாப்பிடுதாங்க, அரிசோனா பக்கம் ஆத்துத் தண்ணி போய் விவசாயம் போய் ரேஷன் மாவும் கொழுப்பும் வந்துச்சு.

இங்கிலாந்துல 2021ல 14 லட்சத்துக்கு மேல ஆட்களோட பதிவை வச்சு ஒரு நேரடிக் கணக்கு போட்டாங்க. வெள்ளைக்காரனுக்கு பிஎம்ஐ 30ல எவ்வளவு சுகர் ஆபத்தோ, தெற்காசியக்காரனுக்கு அது 23.9லயே வந்துருது. இதைக் கிலோவுல சொன்னாத்தான் உறைக்கும். 170 செ.மீ உயரம்னு வைங்க, நம்ம பக்கம் சாதாரண உயரம். 30ங்கது 86.7 கிலோ. 23.9ங்கது 69 கிலோ. கிட்டத்தட்ட 18 கிலோ வித்தியாசத்துல ஒரே ஆபத்து. இந்த இடத்துலதான் நாடு நாடா போடுத ஒபிசிட்டி சார்ட் கவுந்துருது. உலக சுகாதார நிறுவனம் 2004லயே ஆசியாக்காரங்களுக்கு 23லயே கவனிங்க, 27.5ல தீவிரமா கவனிங்கன்னு சொல்லிருச்சு, ஆனா சார்ட் போடுதவங்க எல்லா நாட்டுக்கும் ஒரே 30ஐத்தான் வைக்காங்க.

சுகர் கணக்குலயும் அதே குழப்பம். மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு ஐசிஎம்ஆர் நாடு பூரா நடத்தின பெரிய ஆய்வு 2023ல வெளிவந்துச்சு, 2021ல இந்தியாவுல 10.1 கோடி பேருக்கு சுகர், 13.6 கோடி பேர் அதோட வாசப்படியில, அதாவது சுகர்னு சொல்லுத அளவுக்கு வரல, நார்மலும் இல்ல. அடுத்த வருசமே லான்செட்டுல உலகக் கணக்கு ஒண்ணு வந்துச்சு, அதுல 2022ல இந்தியாவுல 21.2 கோடி. ஒரே வருசத்துல 11 கோடி பேருக்கு வந்துருச்சா? அப்படிக் கிடையாது. ஐசிஎம்ஆர் வெறும் வயித்துலயும், குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சும் பாத்தாங்க. லான்செட் கணக்குக்காரங்க வெறும் வயித்து சுகரோட ஹெச்பிஏ1சியையும் சேத்துக்கிட்டாங்க, அதான் நம்ம ஆட்கள் "மூணு மாச சுகர்"னு சொல்லுத டெஸ்ட். இரும்புச்சத்து கம்மியா இருந்தா அந்த மூணு மாச சுகர் கொஞ்சம் கூடக் காட்டும். தமிழ்நாட்டுல 15லருந்து 49 வயசுப் பொண்ணுங்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு தேசிய குடும்பநல சர்வே 2019–21ல சொல்லுச்சு. அப்பம் அந்த டெஸ்ட்டை மட்டும் வச்சு நம்ம இளம்பொண்ணுங்களையும் ஸ்வீடன் பொண்ணுங்களையும் வரிசைப்படுத்தினா அது நியாயமா? லேப்காரனா நான் சொல்லுதேன், ஹீமோகுளோபின் பாக்காம மூணு மாச சுகரை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க.

நாட்டுக்குள்ளயே பாத்தாலும் ஒரு சரிவு தெரியுது. அதே ஐசிஎம்ஆர் கணக்குல தமிழ்நாட்டுல சுகர் 14.4 சதவீதம், வாசப்படியில 10.2. உத்தரப்பிரதேசத்துல சுகர் 4.8தான், வாசப்படியில 18. கேரளா 25.5. செங்கோட்டை தாண்டினா வேற கணக்கு. நமக்கு வெள்ளம் பாதி வந்தாச்சு, உத்தரப்பிரதேசக்காரங்களுக்கு இனிமேத்தான் வரப்போகுது.

இப்ப நம்ம சீமைக்கு வருவோம். பழைய காலத்துல எல்லாரும் கம்பும் கேப்பையும் தின்னு ஆரோக்கியமா இருந்தாங்கன்னு யூடியூப்ல பேசுதவங்க தாமிரபரணிக் கரைக்கு வந்ததில்ல போல. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவின்னு ஆத்துப் பாசனம் இருக்க இடத்துல கார், பிசானம்னு ரெண்டு போகம் நெல்லுதான், சோறுதான். கம்பும் சோளமும் குதிரைவாலியும் மானூர், கோவில்பட்டிப் பக்கம் வானம் பாத்த நிலத்துல. ரெண்டு பக்கத்துலயும் பொதுவா இருந்தது உடம்பு உழைப்பு. நாத்து நட, களை பிடுங்க, பனை ஏற, கிணத்துல தண்ணி இறைக்க. தாத்தா தின்ன சோத்தை விடப் பேரன் கொஞ்சமாத்தான் திங்கான், அது உண்மை, ஆனா தாத்தா தின்னது தொடைச் சதைக்குப் போச்சு, பேரன் தின்னது போக வழி இல்லாம நிக்கு. சாப்பிட்ட குளுக்கோஸ்ல பெரும்பங்கை வாங்கி வைக்கிறது தசைதான், அந்தத் தசையே நம்மகிட்ட பிறவியிலயே கம்மி, அதையும் வேலை வாங்காம விட்டா சீனி எங்க போவும்?

உக்காந்து பாக்குத வேலைன்னா உடனே சென்னை ஓஎம்ஆர் ஐடி கம்பெனியைத்தான் சொல்லுதாங்க. மேலப்பாளையத்துலயும் முக்கூடல்லயும் மடியில தட்டை வச்சு விடியக்காலத்துலருந்து பீடி சுத்துத பொண்ணுங்களும் அதே மாதிரி நாள் பூரா உக்காந்துதான் இருக்காங்க, அவங்களுக்கு ஜிம்மும் கிடையாது ஸ்டெப்ஸ் எண்ணுத வாட்சும் கிடையாது. கூலி கம்மி, சோறு மட்டும் மலிவு, முட்டையும் மீனும் பயறும் அளவாத்தான். ஐசிஎம்ஆர் 2025ல வெளியிட்ட சாப்பாட்டு ஆய்வுல இந்தியர்களுக்குக் கிடைக்கிற கலோரியில 62 சதவீதம் மாவுச்சத்து, புரதம் 12 சதவீதம்தான்னு வந்துச்சு. காலையில இட்லி, மத்தியானம் சோறு, சாயங்காலம் டீயும் வடையும், ராத்திரி பரோட்டா சால்னா. இதுல அல்வாவைப் பிடிச்சு வில்லனாக்குதது எனக்குப் பிடிக்காது, அல்வா விசேசத்துக்குத் திங்குறது, தினமும் மூணு வேளையும் வெஞ்சனத்தை ஓரமா வச்சுட்டு வெள்ளைச் சோத்தை மலையாக் குமிக்கதுதான் விசயம். சொதியையும் யாரும் குத்தம் சொல்லாதீங்க, தேங்காப்பால்ல காயும் பாசிப்பருப்பும் கிடக்கு, கூட வைக்கிற சோத்தைக் கொறைச்சாப் போதும்.

தமிழ்நாட்டுல எடை கூடுதலா இருக்க 15–49 வயசுப் பொண்ணுங்க 2015–16ல 30.9 சதவீதம், 2019–21ல 40.4. ஆம்பளைங்க 28.2லருந்து 37. இது 25ங்க பிஎம்ஐ கோட்டை வச்சு. நமக்கான 23ஐ வச்சா எங்க போய் நிக்கும்னு நீங்களே பாத்துக்கோங்க.

நம்ம ஊர்ல வீட்டுக்கு ஒரு ஆள் கல்ஃப்ல இருக்கதால அந்தப் பக்கமும் பாக்கணும். குவைத்துல பெரியவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு சுகர்னு சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2021ல சொல்லுச்சு. அபுதாபியில 2008ல வெகாயான்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு, 18 வயசு முடிஞ்ச அந்த நாட்டுக் குடிமக்கள் அத்தனை பேரையும் இன்சூரன்ஸ் கார்டோட சேத்து டெஸ்டுக்கு இழுத்துட்டாங்க. 50 ஆயிரத்துச் சொச்சம் பேர் முடிவை வெளியிட்டப்ப சராசரி வயசு 37க்கும் கீழ, ஆனா சுகர் 18 சதவீதம், வாசப்படியில 27, ஒபீஸ் 35. இளவட்டத்துக்குள்ள எவ்வளவு கிடக்குன்னு வெளிச்சத்துக்கு வந்ததே அவங்க 18லருந்து பாத்ததாலதான். அந்த ஊர்லயே ராத்திரி ஷிப்ட் பாத்துட்டு ரூம்ல குப்பூஸ் ரொட்டியும் பெப்ஸியுமா கிடக்க நம்ம பையன் அந்தக் கணக்குல வரமாட்டான், அவன் குடிமகன் இல்லல்லா. அவனுக்கு வாழ்க்கையில முதல்தடவையா சுகர் பாத்ததே விசாவுக்கு எடுத்த கல்ஃப் மெடிக்கல்லதான் இருக்கும். எங்க சித்தப்பா மகனுக்கு அப்படித்தான் தெரிஞ்சது, வயசு 26, ஏஜெண்டுக்குக் காசு கட்டின பிறகு. சித்தி அன்னைக்கு அழுதது சுகருக்காகவா காசுக்காகவான்னு எனக்கு இன்னும் தெரியாது.

சவுதியும் அமீரகமும் 2017ல கேஸ் அடைச்ச கூல்டிரிங்ஸுக்கு 50 சதவீதம், எனர்ஜி டிரிங்குக்கு 100 சதவீதம் வரி போட்டாங்க. மெக்ஸிகோ 2014லயே லிட்டருக்கு ஒரு பேஸோ போட்டுருச்சு. நம்ம ஜிஎஸ்டியிலயும் கூல்டிரிங்ஸ் 40 சதவீதம்தான், ஆனா அது சீனியைக் கணக்குப் பண்ணிப் போட்ட வரி இல்ல, சீனியே இல்லாத டயட் கோலாவுக்கும் அதே வரி விழும். நாலு ஸ்பூன் சீனி போட்ட டீ, ரோஸ்மில்க்குக்கு அது ஒண்ணும் பண்ணாது.

கடல் கடந்து போன தமிழங்க கதையைப் பாத்தா இன்னும் தெளிவாகுது. மலேசியாவுல 2019 தேசிய சர்வேயில 18 வயசுக்கு மேல 18.3 சதவீதம் பேருக்கு சுகர், அதுல இந்திய வம்சாவளி மட்டும் எடுத்தா 31.4. அங்க இந்திய வம்சாவளின்னா பெரும்பாலும் நம்ம ஆட்கள். அதே ஊர்ல, அதே நாசி லெமாக் சோறு தின்னு, அதே தே தாரிக் டீ குடிக்கிற சீனர்களுக்கு அதுல பாதிதான். சிங்கப்பூர் 2016ல சுகர் மேல போர்னு அறிவிச்சு, 2022 கடைசியில பாட்டில் பானங்களுக்கு ஏ, பி, சி, டின்னு கிரேடு போட ஆரம்பிச்சாங்க, அடுத்த வருசக் கடைசியில கடையில அப்பவே கலந்து தர்றதுக்கும் நீட்டினாங்க. மொரீஷியஸ் 1987ல சமையல் எண்ணெயையே மாத்தி, பாமாயில் போய் சோயா எண்ணெய் வந்து, அஞ்சு வருசத்துல மக்களோட கொலஸ்ட்ரால் இறங்கிருச்சு. அட்வைஸை மட்டும் நம்பிக்கிட்டு இருக்காம வேலை முடிஞ்ச இடம்னா அதுதான், எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

ஜப்பானைப் பத்தி ஆளாளுக்கு "அவங்க மீன் திங்காங்க, நடக்காங்க"ன்னு சொல்லுதாங்க, சரிதான், ஆனா அவங்க அளக்கவும் செய்யுதாங்க. வேலைக்குப் போறவனுக்கு வருசா வருசம் செக்கப் பண்ணணும்னு கம்பெனிக்குச் சட்டம். 2008லருந்து 40 வயசுலருந்து 74 வரைக்கும் இடுப்புல டேப் வச்சுருதாங்க, கூடினா ஆலோசனைக்குக் கூப்பிடுதாங்க. அங்கயும் ஓட்டை உண்டு, 20 வயசுகள்ல இருக்க பொண்ணுங்கள்ல அஞ்சுல ஒருத்தர் போல எடை கம்மி, அதனால பிள்ளைகளும் எடை கம்மியாப் பிறக்குதுன்னு அவங்களே கவலைப்படுதாங்க. புனே கதையைப் படிச்சவனுக்கு அது ஏன்னு தெரியும். கொரியா 2019ல 20, 30 வயசுக்காரங்களையும் அரசாங்க இலவச செக்கப்புல முழுசாச் சேத்துக்கிட்டாங்க.

இங்கிலாந்துல பொதுவா 40 வயசுலருந்துதான் செக்கப், ஆனா தெற்காசிய வம்சாவளின்னா 25லருந்தே பாக்கச் சொல்லி அவங்க வழிகாட்டுதல் இருக்கு. நம்ம மத்திய அரசு திட்டத்துல 30லருந்து. அதாவது பாளையங்கோட்டைப் பையன் லெஸ்டர்ல போய்க் குடியேறினா அஞ்சு வருசம் முன்னாடியே அவனைக் கவனிக்கணும்னு வெள்ளைக்காரன் எழுதி வச்சிருக்கான். நம்ம மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்டுல ஆரம்பிச்சு வீடு வீடா மாத்திரையோட வருதாங்க, நல்ல திட்டம், ஆனா பகல்ல அவங்க வரும்போது வீட்டுல இருக்கது ஆச்சியும் தாத்தாவும்தான். பையன் கங்கைகொண்டான் பேக்டரியில ஷிப்டுல இருப்பான், இல்லன்னா திருப்பூர்ல.

முன்னாடியே பிடிச்சா என்ன லாபம்னு கேட்டா அதுக்கும் கணக்கு இருக்கு. அமெரிக்காவுல வாசப்படியில நின்னவங்களுக்கு சாப்பாடும் நடையும் மாத்திக் கொடுத்தப்ப சுகர் வரது 58 சதவீதம் கொறைஞ்சுச்சுன்னு 2002ல வந்துச்சு. சென்னையில டாக்டர் ராமச்சந்திரன் குழு அதே மாதிரி பண்ணி 2006ல வெளியிட்டாங்க, இங்க 28.5 சதவீதம் கொறைஞ்சுச்சு. பாதிதானன்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல எடை இறங்கினதாலதான் அந்தப் பலன். சென்னையில சேந்தவங்க அவ்வளவு பெருத்தவங்களும் இல்ல, எடையும் பெருசா இறங்கல, இருந்தும் பலன் வந்துச்சு. நம்ம உடம்புல தராசு முள்ளு அசையாமலே உள்ள வேலை நடக்கும்னு அதுலருந்து நான் எடுத்துக்கிடுதேன். "ஒரு மாசம் நடந்தேன், ஒரு கிலோ கூடக் கொறையல, விட்டுட்டேன்"ன்னு சொல்லுதவங்க இதை ஒருதடவை படிக்கணும்.

அப்பம் 20லருந்து 30க்குள்ள இருக்கவன் என்ன பாக்கணும்? உயரத்துல பாதிக்கு மேல இடுப்பு போகக் கூடாதுன்னு இங்கிலாந்துல 2022லருந்து சொல்லுதாங்க, 170 செ.மீ ஆளுக்கு 85. ஒரு தையல்கார டேப் போதும். வெறும் வயித்து சுகர், லிப்பிட் ப்ரொஃபைல்னு சொல்லுத ரத்தக் கொழுப்பு டெஸ்ட், பிரஷர். லிப்பிட்ல எல்லாரும் கெட்ட கொழுப்புன்னு சொல்லுத எல்டிஎல்லை மட்டும் பாத்துட்டு நார்மல்னு மடக்கி வச்சுருதாங்க, நம்ம ஆட்களுக்கு அது பெரும்பாலும் சுமாராத்தான் இருக்கும், ட்ரைகிளிசரைடு ஏறி ஹெச்டிஎல் இறங்கி இருக்கதுதான் நம்ம கையெழுத்து. அந்த ரெண்டு வரியைப் பாருங்க. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சுகர் இருந்தா, இல்ல பொண்ணுக்குப் பிசிஓடி, அதான் சினைப்பை நீர்க்கட்டின்னு மாதவிலக்கு தள்ளிப் போனா, 30 வரைக்கும் காத்திருக்கதுல அர்த்தமே இல்ல.

இளம்பொண்ணுங்க விசயத்துல தமிழ்நாடு ஒரு நல்ல காரியம் முன்னாடியே பண்ணிருக்கு. சென்னை டாக்டர் வி. சேஷய்யா விடாப்பிடியா நின்னதால, 2007லருந்தே அரசு ஆஸ்பத்திரியில மாசமா இருக்க பொண்ணுங்க எல்லாருக்கும் 75 கிராம் குளுக்கோஸ் தண்ணி குடுத்து ரெண்டு மணி நேரம் கழிச்சு சுகர் பாக்காங்க, 140க்கு மேல வந்தா கர்ப்பகால சுகர். அந்த வயசுல ஆம்பளைப் பிள்ளைக்கு இப்படி ஒரு கட்டாயச் செக்கப் கிடையவே கிடையாது. ஆனா பேறுகாலம் முடிஞ்சதும் சுகர் இறங்கிரும், எல்லாரும் பிள்ளையைப் பாக்கப் போயிருவாங்க, தாயை மறந்துருவாங்க. கர்ப்பகாலத்துல சுகர் வந்த பொண்ணுக்குப் பின்னாடி நிரந்தரமா வர வாய்ப்பு மத்தவங்களை விட ஏழு மடங்குக்கு மேலன்னு 2009ல வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்லுச்சு. பிரசவம் ஆகி ஆறு வாரத்துல மறுபடி அதே குளுக்கோஸ் டெஸ்ட் எடுக்கணும்னு தேசிய வழிகாட்டுதல்லயே இருக்கு. பிள்ளைக்கு ஒண்ணரை மாச ஊசி போடுததும் அதே ஆறாவது வாரம்தான், எப்படியும் பிள்ளையைத் தூக்கிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாரீங்க. அன்னைக்குக் காலையில காப்பி கூடக் குடிக்காம வெறும் வயித்தோட வந்து, மாசமா இருந்தப்ப எனக்கு சுகர் இருந்துச்சுன்னு நர்ஸ் அக்காகிட்ட நீங்களே சொல்லி, ஒரு ரெண்டு மணி நேரம் அங்கனயே இருந்து ரத்தம் குடுத்துட்டுப் போயிருங்க.